தோல்வியுற்றதொரு பாட்டின் வரலாறு

ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்துள்ள சிறிய நாடு போர்ச்சுகல். நம் மாணவர்கள் அந்நாட்டின் பெயரை இரண்டிடங்களில் கேட்டிருப்பார்கள். 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது ஒன்று. 1961-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கோவா போர்த்துக்கீசியர் பிடியினின்று விடுபட்டது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அப்பால் அந்நாட்டைப் பற்றி நம் பாடநூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. 1974-ஆம் ஆண்டில் அந்நாடு ஒரு பன்னாட்டுப் பாட்டுப் போட்டிக்குத் தன் சார்பில் பாட்டொன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய செய்தியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பாட்டுப் போட்டி வரலாறாகுமா என்று நீங்கள் வினவலாம். இத்தகைய வினா வகுப்பில் எழும்போதெல்லாம் உடனே விடை கூறாமல் நிகழ்ச்சிகளை எடுத்துரைத்துச் செல்வதே என் வழக்கம். நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தவனிடம் அப்பழக்கம் எளிதில் போய்விடாது. ஆதலின் முதலில் அப்போட்டியின் தன்மையைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1950-இல், ஐரோப்பிய வானொலி நிலையங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. தொலைக்காட்சி அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. பல நாட்டு மக்களும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைக் காணுமாறு செய்ய இயலுமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பை அந்நிலையத்தார் நாடினர். இத்தாலியில் சான்ரெமோ என்னும் கடற்கரை நகரில் 1951 முதல் ஆண்டுதோறும் பாட்டு விழா நடைபெற்று வந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, 1956-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் முதற்போட்டியை நடத்தினர். ஏழு நாடுகள் கலந்துகொண்டன. அதுவே யூரோவிஷன் பாட்டுப் போட்டி.

இப்போட்டியில் ஒரு நுட்பம் உண்டு. பாடகர் தம் விருப்பத்தால் அங்குச் சென்று பாடிவிட முடியாது. ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிலையமும் தன் நாட்டின் சார்பில் ஒரு பாட்டைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். ஆகவே, பன்னாட்டுப் போட்டிக்கு முன்னர் உள்நாட்டுப் போட்டி ஒன்று நிகழும். 'எங்கள் நாட்டின் குரல் இதுவே' என்று உலகுக்குக் காட்டப்போகும் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அறிஞர் குழுவா, அரசாங்கமா, பொதுமக்களா? இக்கேள்விக்கு விடை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. மக்களாட்சி நிலவிய நாடுகளில் இது பெரும்பாலும் சுவை பற்றிய சச்சரவாகவே முடிந்தது. போர்ச்சுகலில் நிலைமை வேறு.

அந்நாட்டில் 1932 முதல் 1968 வரை தலைமை அமைச்சராக இருந்து ஆட்சி செலுத்தியவர் அந்தோனியோ சலசார். பொருளாதாரப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். ஆரவாரம் விரும்பாதவர், மேடைதோறும் முழங்குபவரல்லர். ஆயினும் அவர் ஆட்சியில் செய்தித்தாள், நூல், நாடகம், பாட்டு ஆகிய அனைத்தும் தணிக்கைக்கு உட்பட்டன. தணிக்கையாளர் நீல நிறப் பென்சிலால் கோடிட்டு வரிகளை நீக்குவர். ஆதலின் 'நீலப் பென்சில்' என்ற சொல்லே அந்நாட்டில் தணிக்கைக்கு மறுபெயராயிற்று. இரகசியப் போலீசார் எங்கும் இருந்தனர். 1968-இல் சலசார் நோயுற்று வீழ்ந்தபின் மார்செலோ கயெட்டானோ என்பவர் அப்பதவிக்கு வந்தார். கதவு சற்றே திறக்கும் என்று எதிர்பார்த்தவர் ஏமாற்றமடைந்தனர்.

இதற்கிடையில் ஆப்பிரிக்காவில் போர் மூண்டிருந்தது. அங்கோலாவில் 1961-இலும், கினி-பிசாவில் 1963-இலும், மொசாம்பிக்கில் 1964-இலும் விடுதலைப் போராட்டங்கள் வெடித்தன. பிற ஐரோப்பிய நாடுகள் தம் குடியேற்ற நாடுகளைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், போர்ச்சுகல் மட்டும் அவற்றை நாட்டின் 'கடல்கடந்த மாநிலங்கள்' என்று அழைத்து, விட்டுக்கொடுக்க மறுத்தது. பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த அப்போரில் போர்த்துக்கீசியப் படையினர் மட்டும் 8,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆப்பிரிக்க மக்கள் இழந்தது அதனினும் பன்மடங்கு. கட்டாயப் படைச் சேவையினின்று தப்ப இளைஞர் பலர் எல்லை கடந்து பிரான்சுக்கு ஓடினர்.

இத்தகைய நாடு 1964-இல் யூரோவிஷன் போட்டிக்குள் நுழைந்தது. உள்நாட்டுத் தேர்வை அரசின் தொலைக்காட்சி நிலையமே நடத்தியது. முதன்முதல் அனுப்பப்பட்ட பாட்டின் பெயர் 'பிரார்த்தனை'. பாடியவர் அந்தோனியோ கால்வாரியோ. கோபன்ஹேகன் நகரில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. அன்றிரவு ஓர் இளைஞர் மேடையேறி, ஸ்பெயினின் பிராங்கோவையும் போர்ச்சுகலின் சலசாரையும் புறக்கணிக்குமாறு எழுதிய பதாகையைத் தூக்கிப் பிடித்தார். பாட்டைக் கேட்க அமர்ந்த ஐரோப்பா, அப்பாட்டை அனுப்பிய அரசைப் பற்றியும் எண்ணத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

1967-இல் அங்கோலா நாட்டவரான எதுவார்தோ நாசிமெந்தோ என்னும் கறுப்பினப் பாடகர் போர்ச்சுகலின் சார்பில் பாடினார். அவர் நல்ல பாடகர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பிறந்த மண்ணில் போர் நடந்துகொண்டிருந்தபோது அவரை மேடையில் கண்டு ஆட்சியாளர் எத்துணை மகிழ்ந்திருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நீலப் பென்சிலின் கண்ணிற்படாமல் கருத்தைச் சொல்லும் கலையும் அதே மேடையில் வளர்ந்தது. அதில் வல்லவர் அரி தோஸ் சாந்தோஸ் என்னும் கவிஞர். 1969-இல் அவர் இயற்றிய பாட்டைச் சிமோனே டி ஒலிவேரா என்ற அம்மையார் பாடினார். பெண்ணின் இன்பத்தை மறைக்காமல் கூறிய ஒரு வரி மரபு பேணுவோரைச் சினமுறச் செய்தது. மாட்ரிட் போட்டியில் அப்பாட்டுக்கு 4 மதிப்பெண்களே கிடைத்தன; நான்கு நாடுகள் வெற்றியைப் பங்கிட்டுக்கொண்ட ஆண்டு அது. அவ்வம்மையாரோ தோற்றுத் திரும்பியபோது தம் நாட்டு மக்களால் வெற்றி வீராங்கனைபோல் வரவேற்கப்பட்டார். 1973-இல் அக்கவிஞரே எழுத, பெர்னாந்தோ தோர்தோ பாடிய பாட்டு, காளைப் போர்க் களத்தை வருணிப்பது. களத்தில் நடக்கும் ஆடம்பரமும் போலி வீரமும் யாரைச் சுட்டின என்பது கேட்டவர்க்கெல்லாம் விளங்கியது. தணிக்கையாளருக்கு மட்டும் விளங்கவில்லை போலும்! அப்பாட்டு தடையின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு லக்சம்பர்க் சென்று வந்தது.

இனி 1974-ஆம் ஆண்டு. மார்ச்சு 7-ஆம் நாள் லிஸ்பன் நகரின் மரியா மாத்தோஸ் அரங்கில் உள்நாட்டுத் தேர்வு நடைபெற்றது. வென்ற பாட்டின் பெயர் 'இ தெப்போயிஸ் தோ அதேயுஸ்'. 'விடைபெற்ற பின்னர்' என்பது அதன் பொருள். இசையமைத்தவர் ஜோசே கால்வாரியோ. அப்போது அவர் இளைஞர். பாடல் இயற்றியவர் ஜோசே நீசா. அவர் மருத்துவர்; படையில் சேர்க்கப்பட்டு அங்கோலாப் போர்முனையில் பணியாற்றியவர். அங்கிருந்து தம் மனைவிக்கு எழுதிய மடல்களினின்றே அப்பாட்டின் சொற்களை எடுத்தார் என்று கூறுவர். பாடியவர் பவுலோ டி கார்வால்யோ. முன்னாளில் 'ஷேக்குகள்' என்ற இளைஞர் இசைக்குழுவில் முரசறைந்தவர்.

பாட்டில் அரசியல் ஒன்றுமில்லை. காதலியைப் பிரிந்த ஒருவன், தான் யார், இனி என்ன செய்வது என்று தன்னையே வினவிக்கொள்கிறான். எக்காளங்கள் முழங்க மெட்டு உயர்ந்து செல்கிறது. அவ்வளவே. முந்தைய ஆண்டுப் பாட்டோடு ஒப்பிட்டால் இது சாதுவான பாட்டு. பள்ளி மாணவரை மாவட்டப் பாட்டுப் போட்டிகளுக்கு அனுப்பும் குழுக்களில் நான் பன்முறை அமர்ந்திருக்கிறேன். ஐந்து பேர் கூடித் தேர்ந்தெடுத்தால், ஐவரில் எவரையும் உறுத்தாத பாட்டே இறுதியில் எஞ்சும். ஒருவரை மெய்சிலிர்க்க வைத்து மற்றொருவரை முகஞ்சுளிக்க வைக்கும் பாட்டு முதற்சுற்றிலேயே வெளியேறிவிடும். லிஸ்பனிலும் அன்று இவ்வாறே நிகழ்ந்ததென்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆயினும், அரசின் தொலைக்காட்சியே நடத்திய தேர்வில் வென்று, நாட்டின் அதிகார முத்திரையைப் பெற்ற பாட்டு அது என்பதை மறவாதீர்கள்.

ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பன்னாட்டுப் போட்டி. பதினேழு நாடுகள் பங்குபெற்றன. குடியரசுத் தலைவர் பொம்பிடு மறைந்தமையால் பிரான்சு விலகிக்கொண்டது. இத்தாலியிலோ மணவிலக்குச் சட்டம் பற்றிய பொதுவாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. தன் நாட்டுப் பாட்டு 'ஆம், ஆம்' என்று திரும்பத் திரும்பக் கூறுவது வாக்காளரை ஒரு பக்கம் சாய்த்துவிடுமோ என்று அஞ்சிய அந்நாட்டு நிலையம், அப்போட்டியை அப்போது ஒளிபரப்பவே இல்லை. மூன்று நிமிடப் பாட்டுக்கு அரசாங்கங்கள் எவ்வளவு நடுங்கின பாருங்கள்!

அவ்வாண்டு ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர். ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. எந்நாட்டவரும் எம்மொழியிலும் பாடலாம் என்ற தளர்வு 1973 முதல் நடைமுறையில் இருந்தது. அதனைப் பயன்படுத்தி ஆங்கிலத்தில் பாடிய சுவீடன் நாட்டு 'ஆபா' குழுவினர் 24 வாக்குகள் பெற்று வென்றனர். அக்குழுவின் புகழ் உலகெங்கும் பரவியது. தன் தாய்மொழியிலேயே பாடிய கார்வால்யோவுக்குக் கிடைத்தவை 3 வாக்குகள். நார்வே, மேற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றுடன் போர்ச்சுகல் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது. பாட்டின் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அதே வேளையில் போர்த்துக்கீசியப் படையின் இளநிலை அதிகாரிகள், பெரும்பாலும் கேப்டன் பதவியினர், இரகசியமாகக் கூடிக்கொண்டிருந்தனர். ஆப்பிரிக்கப் போரை வெல்ல முடியாது என்பதைக் களத்தில் நின்று உணர்ந்தவர்கள் அவர்கள். மார்ச்சு 16-ஆம் நாள் கால்தாஸ் தா ரைஞ்ஞா என்னும் ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு படைப்பிரிவின் கிளர்ச்சி தோல்வியுற்றது. பிற பிரிவுகள் உடன் கிளம்பாமையே காரணம். அத்தோல்வி ஒரு பாடம் கற்பித்தது. நாடெங்குமுள்ள படைமுகாம்கள் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். அதற்கு அனைவர்க்கும் ஒரே நேரத்தில் செய்தி எட்ட வேண்டும். தொலைபேசியை நம்ப முடியாது, ஒற்றர் கேட்பர். தூதர் ஒவ்வொருவராகச் சென்று சொல்லுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

எல்லா முகாமிலும் எல்லா வீட்டிலும் இருந்த கருவி ஒன்று உண்டு. வானொலிப் பெட்டி! நான் இதனை வானொலி நேயர்களாகிய உங்களிடம் சொல்லுவதில் தனி மகிழ்ச்சி கொள்கிறேன்.

திட்டத்தை வகுத்தவர் ஒட்டேலோ என்று மக்கள் அழைத்த அதிகாரி. லிஸ்பன் நகரில் இயங்கிய தனியார் வானொலியொன்றின் அறிவிப்பாளர் ஜுவாவ் பவுலோ தினீஸ் இவர்களுக்கு உதவ இசைந்தார். அடையாளமாக எப்பாட்டை ஒலிபரப்புவது? ஒட்டேலோ முதலில் கருதியது மக்கட்பாடகர் ஜோசே அபோன்சோவின் பாட்டொன்றை. அபோன்சோ ஆட்சியாளரின் வெறுப்புக்கு ஆளானவர். அவர் பாடல்கள் பல தடைக்குட்பட்டவை. அத்தகைய பாட்டு நள்ளிரவை அண்டி ஒலித்தால் இரகசியப் போலீசார் காதைத் தீட்டிக்கொள்வர். ஆகவே தினீஸ் வேறொரு பாட்டைக் கூறினார். சில கிழமைகளுக்கு முன்னர் நாடே தேர்ந்தெடுத்து அனுப்பியது. எல்லா நிலையங்களும் ஒலிபரப்பியது. எவருக்கும் ஐயம் எழாதது. 'விடைபெற்ற பின்னர்' என்னும் அப்பாட்டு!

நான் இந்நிகழ்ச்சியில் மீண்டும் மீண்டும் நின்று எண்ணிப்பார்க்கும் இடம் இதுவே. 1973-ஆம் ஆண்டின் காளைப் போர்ப் பாட்டு ஆட்சியை எள்ளி நகையாடியது, துணிவுமிக்கது. ஆனால் அடையாளப் பாட்டாக உதவியிருக்காது. அரசே நடத்திய தேர்வில் அரசுக்குத் தீங்கற்றதென்று கடந்துவந்த பாட்டுக்குத்தான் அவ்வாட்சியை வீழ்த்தும் படைகளுக்கு மணியடிக்கும் தகுதி இருந்தது. சாதுவாக இருந்ததே அதன் மதிப்பாயிற்று.

1974 ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு 10 மணி 55 நிமிடம். பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருப்பதாகத் தினீஸ் அறிவித்தார்; கார்வால்யோவின் பாட்டை ஒலிக்கவிட்டார். லிஸ்பனில் உறங்கப்போன மக்கள் அதனைப் பிரைட்டனில் தோற்ற பாட்டென்றே கேட்டனர். பொந்தீன்யா என்னுமிடத்திலிருந்த பொறியாளர் படைமுகாமில், சாளரங்களை மூடிக்கொண்டு வானொலியைச் சூழ்ந்திருந்த ஒட்டேலோவும் தோழர்களும் வேறு பொருளில் கேட்டனர். 'ஆயத்தமாகுக' என்பதே அதன் பொருள்.

அந்நிலையத்தின் ஒலி நாடு முழுவதும் எட்டாது. ஆதலின் இரண்டாவது அடையாளம் ஒன்றும் வகுக்கப்பட்டிருந்தது. நள்ளிரவு கடந்து 12 மணி 20 நிமிடத்தில், கத்தோலிக்கத் திருச்சபைக்குரிய ரேனசென்சா வானொலி, அபோன்சோவின் 'கிராந்தொலா' என்னும் பாட்டை ஒலிபரப்பியது. தென்பகுதியில் உழவர் வாழும் ஒரு சிற்றூரைப் பற்றியது அது. காலடியோசை தாளமாக ஒலிக்க, ஆடவர் கூடிப் பாடும் பாட்டு. மார்ச்சு 29-ஆம் நாள் லிஸ்பனின் கொலிசெயு அரங்கில் அவையோர் எழுந்து உடன்பாடிய பாட்டும் அதுவே. அபோன்சோவின் வேறு பல பாட்டுகளைத் தடுத்த தணிக்கையாளர் இதனை அன்று விட்டுவைத்திருந்தனர். இரண்டாவது பாட்டு ஒலித்தபின் பின்வாங்குவதற்கு வழியில்லை; படைகள் புறப்பட்டன.

அடுத்து நிகழ்ந்தவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறேன். அதிகாலை 3 மணியளவில் மற்றொரு வானொலி நிலையம் கைப்பற்றப்பட்டது. 4 மணி 26 நிமிடத்தில் கிளர்ச்சியாளரின் முதல் அறிக்கை அங்கிருந்து படிக்கப்பட்டது. சாந்தரேம் நகரிலிருந்து கேப்டன் சல்கேரோ மையா கவச வண்டிகளுடன் தலைநகர் வந்து, கயெட்டானோ அடைக்கலம் புகுந்திருந்த கார்மோ படைமுகாமை வளைத்துக்கொண்டார். வீட்டிலேயே இருக்குமாறு வானொலி வேண்டியும் மக்கள் கேட்கவில்லை, தெருக்களில் திரண்டனர். செலஸ்தே கயேரோ என்ற உணவு விடுதிப் பணிப்பெண், வெண்சுருட்டு கேட்ட படைவீரன் ஒருவனுக்குக் கொடுக்க வேறொன்றுமின்றித் தன் கையிலிருந்த கார்னேஷன் மலரைக் கொடுத்தார்; அவன் அதனைத் துப்பாக்கி முனையில் செருகிக்கொண்டான். அப்புரட்சி 'கார்னேஷன் புரட்சி' எனப் பெயர் பெற்றது அவ்வாறே. மாலையில் கயெட்டானோ பதவியைக் கையளித்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த சர்வாதிகாரம் ஒரே நாளில் வீழ்ந்தது. குருதி சிந்தாத புரட்சி என்று சிலர் எழுதுவர். அது முற்றிலும் சரியன்று. இரகசியப் போலீசார் தம் அலுவலகத்திலிருந்து கூட்டத்தின்மீது சுட்டதில் நால்வர் மாண்டனர். அந்நால்வரையும் நாம் எண்ணிக்கையில் விட்டுவிடலாகாது.

பாட்டு புரட்சியைச் செய்ததென்று எவரேனும் கூறினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதின்மூன்றாண்டுப் போரும், வெறுத்துப்போன படையினரும், வாய்மூடிக் கிடந்த மக்களுமே அதனைச் செய்தனர். பாட்டு மணியடித்தது, அவ்வளவே. ஆனால் மணி வேளை தவறாமல் அடித்தது.

புரட்சியின் பயன் நம் நாட்டையும் எட்டியது. கோவா முதலிய பகுதிகள் இந்தியாவுக்கு உரியனவென்பதைப் பதின்மூன்று ஆண்டுகள் மறுத்துவந்த போர்ச்சுகல், 1974 டிசம்பர் 31-ஆம் நாள் புதுதில்லியில் கையெழுத்தான உடன்படிக்கையால் அதனை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்க நாடுகளும் 1975 முடிவதற்குள் விடுதலை பெற்றன.

பாட்டுத் தேர்வும் மாறியது. 1975-இல் போர்ச்சுகலின் சார்பில் ஸ்டாக்ஹோமில் பாடியவர் துவார்தே மெந்தேஸ். புரட்சியில் பங்கெடுத்த படைக் கேப்டன்களுள் ஒருவர். மார்பில் கார்னேஷன் மலர் அணிந்து 'விடியல்' என்னும் பாட்டைப் பாடினார். ஐரோப்பிய நடுவர் அதனையும் கடைசி வரிசையிலேயே வைத்தனர்! 1976-இல் கார்லோஸ் தோ கார்மோ என்ற புகழ்பெற்ற பாடகரே எல்லாப் பாட்டுகளையும் பாடிக்காட்ட, அவற்றுள் எது செல்லவேண்டுமென்று பொதுமக்கள் அஞ்சல் வழியாக வாக்களித்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், புரட்சியின் இரண்டாம் நிறைவு நாளில், புதிய அரசியலமைப்பின்கீழ் முதல் நாடாளுமன்றத்தையும் அம்மக்களே வாக்களித்து அமைத்தனர். அஞ்சலட்டை ஒன்றும் வாக்குச்சீட்டு ஒன்றுமாக, ஒரே ஆண்டில் இரண்டு தேர்வுகள்.

அதன்பின் நெடுங்காலம் போர்ச்சுகல் அப்போட்டியில் வென்றதில்லை. ஆங்கிலத்தில் பாடினாலன்றி வெற்றியில்லை என்று பலரும் கூறிவந்தனர். 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முன்னர் 'கிராந்தொலா' பாட்டை அவையோர் எழுந்து பாடிய அதே கொலிசெயு அரங்கில் உள்நாட்டு இறுதித் தேர்வு நடைபெற்றது. லுயீசா சோப்ரால் என்ற பெண்மணி இயற்றி இசையமைத்த பாட்டை அவருடைய தம்பி சல்வதோர் பாடினார். அதுவும் காதலைப் பற்றியதே. முழுதும் போர்த்துக்கீசிய மொழியில் அமைந்தது. இதய நோயினால் நலிந்திருந்த அவ்விளைஞருக்காகக் கீவ் நகரத்து ஒத்திகைகளில் தமக்கையே முதலில் நின்று பாடினார். மே 13-ஆம் நாள் இறுதிப் போட்டியில் அவர் தனியே மேடைக்கு வந்து பாடி, 758 மதிப்பெண்கள் பெற்றார். 1964-இல் ஒரு மதிப்பெண்ணும் பெறாது திரும்பிய நாட்டுக்கு, ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து அதுவே முதல் வெற்றி. பரிசு பெற்றபின் தமக்கையை மேடைக்கு அழைத்து, இருவருமாக அப்பாட்டை மீண்டும் ஒருமுறை பாடினர்.